எல்லாருக்குமான வலை: இணைய அணுகல்தன்மையின் வரலாறு

தேர்வு முடிவுப் பக்கம், பயணச்சீட்டு முன்பதிவுத் தளம், வங்கிச் செயலி போன்றவற்றைக் கண்ணால் பார்க்க இயலாதவரும், சுட்டியைப் பிடிக்க இயலாதவரும், ஒலியைக் கேட்க இயலாதவரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும்படி வடிவமைப்பது இணைய அணுகல்தன்மை எனப்படும். இதனுடன் சேர்த்துப் பேசப்படும் மற்றொரு சொல் பயன்படுதன்மை. உள்ளே வருவதற்கு வழி இருக்கிறதா என்று கேட்பது அணுகல்தன்மை. வந்தவர் வந்த வேலையைச் சிரமமின்றி முடித்தாரா என்று கேட்பது பயன்படுதன்மை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு தளம் எல்லாருக்கும் உரியதாகிறது.

இத்துறையின் வரலாற்றில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. எழுத்து கணினிக்குள் எழுத்தாகவே இருக்கும்வரை அதைத் திரையில் காட்டலாம், குரலாக ஒலிக்கலாம், பிரெய்ல் புள்ளிகளாக விரலுக்குக் கொடுக்கலாம். எழுத்து படமாக மாறிவிட்டால் அது கண்ணுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. வலையின் தொடக்க காலம் முதல் இன்றுவரை நடந்த முயற்சிகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக எழுந்தவையே. தமிழ் எழுத்துக்கும் இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு.

எழுத்தாகத் தொடங்கிய வலை

ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 மார்ச்சில் உலகளாவிய வலைக்கான முன்மொழிவை எழுதினார். அம்மையத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் பல வகைக் கணினிகளைப் பயன்படுத்தினர். ஒரு கணினியில் எழுதியதை மற்றொன்றில் படிப்பது கடினமாக இருந்தது. எந்தக் கணினியிலும் படிக்கத்தக்க ஆவணம் வேண்டும் என்பதே அவர் எதிர்கொண்ட தேவை.

அதற்காக அவர் உருவாக்கிய எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, எழுத்தின் தோற்றத்தைவிட அதன் பணியையே முதன்மையாகக் குறித்தது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று எழுதுபவர் குறித்தால் போதும். அதை எவ்வாறு காட்டுவது என்பதைப் படிப்பவரின் கணினி முடிவு செய்துகொள்ளும். செர்னில் நிக்கோலா பெல்லோ எழுதி, 1991-இல் வெளிவந்த வரிமுறை உலாவி எழுத்துகளை மட்டும் வரிவரியாகக் காட்டியது. எளிய முனையத் திரை இருந்தாலே அதில் வலைப்பக்கங்களைப் படிக்க முடிந்தது.

இந்த அமைப்பு மாற்றுத்திறனாளிகளுக்கென்று திட்டமிடப்பட்டதன்று. ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்ற நோக்கம், காதால் படிப்பவருக்கும் விரலால் படிப்பவருக்கும் வழியைத் திறந்து வைத்தது.

படங்களின் வருகை

1993-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்ற உலாவி உருவானது. எழுத்துகளுக்கு இடையிலேயே படங்களைக் காட்டும் வசதி அதில் இருந்தது. பொதுமக்களிடையே வலை வேகமாகப் பரவுவதற்கு இது பெருந்துணையாயிற்று. அதே வேளையில், வலைப்பக்கத்தை அச்சு இதழைப்போல் அழகுபடுத்தும் போக்கும் தொடங்கியது. வடிவமைப்பாளர்கள் பக்கத்தை அட்டவணைக் கட்டங்களாகப் பிரித்தனர். பொத்தான்களையும் தலைப்புகளையும் படங்களாக வரைந்து வைத்தனர். கட்டங்கள் நகராமல் இருக்க, ஒரு புள்ளி அளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத படங்களையும் செருகினர்.

பார்வையுள்ளவருக்கு அது அழகிய பக்கம். திரையில் உள்ளதைக் குரலாகக் கேட்பவருக்கோ ‘படம், படம், இணைப்பு, படம்’ என்று மட்டும் ஒலித்தது. ‘முகப்பு’, ‘தேடு’, ‘வாங்கு’ என்ற சொற்கள் யாவும் படங்களுக்குள் அகப்பட்டுக்கொண்டன.

இதற்குக் கண்ட மருந்து எளிமையானது. படத்தைச் செருகும்போதே அது என்ன சொல்கிறது என்பதை ஒரு வரியில் எழுதிவைப்பது மாற்றுரை எனப்பட்டது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறையில் அதற்கு இடம் இருந்தது. 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0, ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை கட்டாயம் என்றது. தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்துவைக்கும் சி.எஸ்.எஸ். என்ற பாணித்தாள் மொழியின் முதல் பதிப்பும் 1996 டிசம்பரில் வெளியானது. அதைக் கொண்டு பக்கத்தை அழகுபடுத்தினால், அடியில் உள்ள எழுத்தின் ஒழுங்கு குலையாது. ஆயினும் உலாவிகள் அதை ஒரே மாதிரி செயல்படுத்த ஆண்டுகள் பல ஆயின.

திரைபடிப்பான்கள்

திரையில் உள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள் திரைபடிப்பான் எனப்படும். இது வலைக்கு முன்பே தோன்றியது. டாஸ் காலக் கணினிகளில் திரையின் எழுத்துகள் நினைவகத்தில் எழுத்துகளாகவே இருந்தமையால் அவற்றைப் படித்துக் காட்டுவது ஓரளவு எளிது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் 1980-களில் அவ்வாறான திரைபடிப்பானை உருவாக்கினார். விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனம் 1989-இல் ஜாஸ் என்ற திரைபடிப்பானை வெளியிட்டது.

விண்டோஸ் போன்ற வரைகலை இடைமுகங்கள் வந்தபின் திரை முழுவதும் புள்ளிகளால் வரையப்பட்ட ஓவியமாயிற்று. எழுத்தைக் கண்டுபிடிப்பதே திரைபடிப்பானுக்குப் பெரிய வேலையானது. கணினி எதை எங்கே வரைகிறது என்பதை இடைமறித்து, திரைக்குப் பின்னால் தனியாக ஓர் எழுத்துப்படி எடுத்துக்கொள்ளும் முறை அப்போது கையாளப்பட்டது. விண்டோஸுக்கான ஜாஸ் 1995-இல் வெளிவந்தது.

இக்கருவிகள் பலவற்றை உருவாக்கியவர்கள் அவற்றைத் தாமே பயன்படுத்தியவர்கள். புனேயில் பிறந்து, பதினான்காம் வயதில் பார்வையிழந்து, மும்பை ஐ.ஐ.டி.யிலும் பின்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்த டி. வி. ராமன், கணிதச் சமன்பாடுகளைக் குரலில் கேட்கும் முறையைத் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கினார். 1995-இல் ஈமாக்ஸ்பீக் என்ற குரல்வழிக் கணினிச் சூழலை வெளியிட்டார்.

பல திரைபடிப்பான்களின் விலை தனிநபர் எளிதில் வாங்க இயலாத அளவில் இருந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன், என்.வி.டி.ஏ. என்ற கட்டற்ற திரைபடிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இன்று உலகெங்கும் பலர் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்துகின்றனர். 2009-இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் திரைபடிப்பான் இயங்குதளத்தின் பகுதியாகவே இடம்பெற்றது. அதன்பின் இவ்வசதி தனியாக வாங்கவேண்டிய பொருளாக இல்லாமல், கைப்பேசியின் அமைப்புகளில் இயக்கிக்கொள்ளும் ஒன்றாயிற்று.

முதல் வழிகாட்டி நெறிகள்

திரைபடிப்பான் எவ்வளவு திறமையாக இருந்தாலும் பக்கத்தில் இல்லாததை அது படிக்க முடியாது. எனவே பக்கத்தை எழுதுவோருக்கு விதிகள் தேவைப்பட்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் 1995-இல் முதல் தொகுப்பை உருவாக்கினார். பெர்னர்ஸ்-லீ 1994-இல் நிறுவிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 1997-இல் வலை அணுகல் முனைப்பு என்ற பிரிவைத் தொடங்கியது. அது 1999 மே 5 அன்று வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி நெறிகளின் முதல் பதிப்பை வெளியிட்டது. 14 நெறிகளும் அவற்றின்கீழ் 65 சரிபார்ப்புக் கூறுகளும் அதில் இருந்தன. படத்துக்கு மாற்றுரை தருவதே அவற்றுள் முதலாவது.

இந்நெறிகள் பரிந்துரைகளே. பின்பற்றாதவரைத் தண்டிக்கும் அதிகாரம் கூட்டமைப்புக்கு இல்லை. அந்த அதிகாரம் சட்டத்திடமிருந்து வரவேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1998-இல் திருத்தப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தின் 508-ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசு அலுவலகங்களின் மின்னணுச் சாதனங்களும் தளங்களும் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டும் என்றது. அதற்கான தரநிலைகள் 2001 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. அதற்குள்ளாகவே உலகின் மறுகோடியில் ஒரு தனிமனிதரின் புகார் இக்கேள்வியை உலகறியச் செய்தது.

சிட்னி ஒலிம்பிக் வழக்கு

2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் சிட்னியில் நடைபெற்றன. பிறவியிலேயே பார்வையற்றவரான புரூஸ் மக்வையர், போட்டிகளின் இணையதளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என்று 1999 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். 1992-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அவருக்குத் துணை நின்றது. அச்சட்டத்தில் இணையம் என்ற சொல்லே இல்லை. ஆனால் பொதுமக்களுக்குத் தரப்படும் சேவையில் பாகுபாடு கூடாது என்ற விதி இருந்தது.

அவர் கேட்டவை மூன்று: படங்களுக்கும் படவரைபட இணைப்புகளுக்கும் மாற்றுரை, நிகழ்ச்சி நிரல் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்ல வழி, போட்டி முடிவுகளின் அட்டவணைகளைப் படிக்கும் வசதி. அமைப்புக் குழு, முடிவுப் பக்கங்களுக்கென 1,295 வார்ப்புருக்கள் இருப்பதாகவும், அவற்றை மாற்ற இருபது லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவாகும் என்றும், ஒருவர் செய்தால் ஓராண்டுக்கு மேலாகும் என்றும் வாதிட்டது. மக்வையர் தரப்பு வல்லுநர்கள் ஒரு சிறு குழு சில வாரங்களில் முடிக்கக்கூடிய வேலை இது என்று சாட்சியம் அளித்தனர்.

ஆணையம் 2000 ஆகஸ்ட் 24 அன்று மக்வையருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் தளத்தைச் சரிசெய்யவேண்டும் என்றது. அது முழுமையாக நிறைவேறவில்லை. போட்டிகள் முடிந்தபின், நவம்பரில், 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. மக்வையர் பணம் பெற்றார். அந்தப் போட்டிகளின் முடிவுகளைப் பிறரைப்போல் உடனுக்குடன் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கட்டி முடித்தபின் திருத்துவதைவிடத் தொடக்கத்திலேயே சரியாக அமைப்பது எளிது, செலவும் குறைவு என்பதற்கு இவ்வழக்கு இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது.

நான்கு கொள்கைகள்

முதல் பதிப்பு அக்காலத் தொழில்நுட்பத்தோடு மிகவும் பிணைந்திருந்தது. எனவே 2008 டிசம்பர் 11 அன்று இரண்டாம் பதிப்பு வெளியானது. அது நான்கு கொள்கைகளின்மேல் நின்றது: உள்ளடக்கம் ஏதேனும் ஒரு புலனுக்குத் தெரியவேண்டும், இயக்கக்கூடியதாக இருக்கவேண்டும், புரியவேண்டும், பலவகைக் கருவிகளிலும் உறுதியாக வேலை செய்யவேண்டும். 2012-இல் இது பன்னாட்டுத் தர நிறுவனமான ஐ.எஸ்.ஓ.வின் தரநிலையும் ஆயிற்று. கைப்பேசிப் பயன்பாட்டையும் மனத்தில் கொண்டு 2018-இல் 2.1 பதிப்பும், 2023-இல் 2.2 பதிப்பும் வந்தன.

பார்வையற்றோருக்கு அப்பாலும் இந்நெறிகள் விரிகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது மங்கலான பார்வை கொண்டோருக்காக. எல்லாச் செயல்களையும் விசைப்பலகையால் செய்யமுடியவேண்டும் என்பது கை நடுக்கமோ முடக்கமோ உள்ளவர்களுக்காக. காணொளிக்கு வசன எழுத்து வேண்டும் என்பது காது கேளாதோருக்காக.

நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக்கூடாது என்ற நெறி வலிப்பு நோய் உள்ளவர்களைக் காப்பதற்கானது. 1997 டிசம்பரில் ஜப்பானில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறிமாறிப் பளிச்சிட்டதால், அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரையில் தோன்றும் ஒளி உடலைத் தாக்கக்கூடும் என்பதை அந்நிகழ்வு உலகுக்குக் காட்டியது.

தமிழ் எழுத்தும் அணுகலும்

ஆங்கிலப் பக்கங்களில் படங்களுக்குள் அகப்பட்ட சொற்களே முதன்மைச் சிக்கல் என்றால், தமிழ்ப் பக்கங்களில் முழுப் பக்கமும் அந்த நிலையில் இருந்தது. 1990-களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தின. அவற்றுள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். தமிழ் கண்ணுக்குத் தெரிந்தது, கணினிக்குத் தெரியவில்லை.

அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பார்வையுள்ளவரும் பொருளற்ற எழுத்துக் குவியலையே கண்டார். அவர் எழுத்துருவைப் பதிவிறக்கிக்கொண்டால் குறை தீர்ந்தது. திரைபடிப்பானைக் கேட்பவருக்கு அந்த வழியும் இல்லை. எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் காதில் விழுந்தது ஜே, கே, பி, ஓ என்பதே.

குறிமுறையைப் பொதுவாக்கும் முயற்சிகள் தமிழர்களிடையே எழுந்தன. இணையத்தில் ஆர்வலர்கள் கலந்துபேசி உருவாக்கிய டிஸ்கி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே வந்த டாம், டாப் ஆகியவை அவற்றுள் சில. 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதை ஏற்ற பின்னரே பொதுப்பயன்பாடு வளர்ந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கிய மின்னூல்களை டிஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறியில் ‘த’ என்பது எந்த எழுத்துருவிலும் எந்தக் கருவியிலும் ‘த’வே. இதனால் தேடுபொறிக்கும் அகராதிக்கும் கிடைத்த நன்மை பலரும் அறிந்தது. பார்வையற்ற தமிழருக்கோ, தமிழ்ப் பக்கத்தைத் தமிழாகக் கேட்கும் வாய்ப்பு அதனால்தான் உருவானது. என்.வி.டி.ஏ.வுடன் வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் தமிழ்ப் பேச்சொலி உருவாக்கத்தில் ஆய்வுகள் நடந்துள்ளன.

இன்றும் தமிழ்ப் பக்கங்களில் இருவகைத் தடைகள் நிற்கின்றன. பழைய நூலையோ சுற்றறிக்கையையோ வருடி, பக்கப் படமாக மட்டும் பி.டி.எஃப். கோப்பில் ஏற்றினால் அது மீண்டும் கண்ணுக்கு மட்டும் உரியதாகிறது. எழுத்துணரி மென்பொருளால் அதை எழுத்தாக்கிப் பிழை திருத்தினால்தான் பிறருக்கும் பயன்படும். மற்றொன்று, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமொழியில் அறிவிக்காமல் விடுவது. அந்த ஒரு குறிப்பு இல்லாவிட்டால் திரைபடிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறாமல் தடுமாறக்கூடும்.

இந்தியச் சட்டமும் நீதிமன்றமும்

2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் ஒன்பதாம் பிரிவில் கட்டடங்களோடும் போக்குவரத்தோடும் இணையத்தையும் சேர்த்தே பேசுகிறது. இந்தியா 2007-இலும் இலங்கை 2016-இலும் அதை உறுதி செய்தன. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இல் வெளியாயின. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை அரசு உறுதி செய்யவேண்டும் என்று அதன் 42-ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டம் ‘வேண்டும்’ என்றது; அதன்கீழ் வந்த விதியோ பரிந்துரைகளைச் சுட்டியதோடு நின்றது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முரண்பாட்டை எடுத்துக்காட்டி, அவ்விதியின் உரிய பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. கட்டாயமான தரநிலைகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

2025 ஏப்ரல் 30 அன்று மற்றொரு தீர்ப்பு வந்தது. வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு இணையவழியில் அடையாளம் சரிபார்க்கும்போது, உயிருள்ளவர் என்று காட்டக் கேமராவின் முன் கண் சிமிட்டும்படி கேட்கும் முறை பரவியிருந்தது. அமில வீச்சால் முகமும் கண்ணும் சிதைந்தவர்களாலும் பார்வையற்றவர்களாலும் அதைச் செய்ய இயலவில்லை. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மின்னணு சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. கண் சிமிட்டலுக்கு மாற்றான வழிகளும் அவற்றில் அடங்கும்.

இன்றைய நிலை

அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் ஆராய்கிறது. முதல் ஆய்வில் 97.8 விழுக்காட்டுப் பக்கங்களில் வழிகாட்டி நெறிகளுக்கு மாறான பிழைகள் தென்பட்டன. 2025-இல் அது 94.8 விழுக்காடு. மங்கலான எழுத்து, மாற்றுரை இல்லாத படம், பெயரிடப்படாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, மொழிக் குறிப்பு இன்மை ஆகியவை ஆண்டுதோறும் முன்னிற்கும் பிழைகள். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. 1999-ஆம் ஆண்டின் நெறிகளிலேயே இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை உண்டு.

தானியங்கிக் கருவி எல்லாப் பிழைகளையும் கண்டுவிடாது. படத்துக்கு மாற்றுரை இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த மாற்றுரை பொருத்தமானதா என்பதை மனிதரே சொல்லவேண்டும். பயன்படுதன்மை இங்கேதான் தொடங்குகிறது. நெறிகள் அனைத்தையும் நிறைவேற்றிய படிவத்திலும் ஒருவர் வழிதவறக்கூடும். ஆகவே வடிவமைப்பின் தொடக்கத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு சோதிப்பது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது.

தளம் அமைக்கக் கற்கும் மாணவர் செய்துபார்க்கத்தக்க எளிய சோதனைகள் மூன்று. சுட்டியை ஒதுக்கிவைத்து, தாவல் விசையை மட்டும் கொண்டு பக்கம் முழுவதும் செல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கியபின் பக்கம் சிதையாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். பின்னர் திரையை அணைத்துவிட்டு, திரைபடிப்பானின் குரலை மட்டும் கேட்டு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப முயலலாம். அது எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அந்த இடத்திலிருந்து திருத்த வேலையைத் தொடங்கலாம்.